பஞ்சாங்கக் கணக்கை மறுத்த செயலாளர் அம்புஜவல்லி அம்மையாருக்கு

பீங்கான் ஆலையின் அலுவலகத்துக்குத் தலைமை எழுத்தராகவும், எங்கள் மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளராகவும் இருந்து, இன்று இரண்டிலிருந்தும் விடைபெறும் அம்மையீர்! அஞ்சாத சொல்லும் அசையாத நெஞ்சும் உடையவரே! உங்கள் குடும்பத்தாரும் அவையில் இருப்பதால், அந்தப் பொங்கல் கதையை அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்.

2004 பொங்கலுக்கு ஒரு பழைய படம் திரையிட மன்றம் முடிவு செய்தது. முந்தைய ஆண்டுதான் உரிமை வாங்காத படம் ஒன்றைப் போட்டு மாட்டியிருந்தோம். இன்னொரு புகார் வந்தால் மன்றத்தைக் கலைத்துவிடுவதாக நிர்வாகம் எச்சரித்திருந்தது. அதனால், உரிமைக்காலம் முடிந்து பொதுச்சொத்தாகிவிட்ட படமாகப் பார்த்துத் தேடினோம். கிடைத்த படத்தின் பாட்டுப் புத்தகத்தில் ‘சுபானு வருடம், பொங்கல் வெளியீடு’ என்றிருந்தது. அறுபது ஆண்டுக்கொரு முறை வரும் சுபானு அப்போதுதான் திரும்ப வந்து நடந்துகொண்டிருந்தது. சட்டம் சொல்வதும் அறுபது ஆண்டுதான். பேருந்து நிலையம் வரை சுவரொட்டி ஒட்டியாயிற்று.

திரையிடலுக்கான அனுமதித்தாளில் செயலாளர் கையெழுத்துப் போட மறுத்தார்.

சூளை மேற்பார்வையாளரும் மன்றத் தலைவருமான கலியமூர்த்திக்குக் கோபம். “சுபானு போயி சுபானு வந்துடுச்சிங்க மேடம். மனுசனா இருந்தா மாலை போட்டு அறுபதாங் கல்யாணமே பண்ணியிருப்போம். படத்துக்கு மட்டும் என்னா கொறச்சல்?”

“கோர்ட்டு பஞ்சாங்கம் பாக்காதுங்க. சுபானு பொங்கல்னா இங்கிலீஷ்ல நாப்பத்தி நாலு சனவரி. படம் வந்த வருசத்துக்கு அடுத்த சனவரிலேருந்துதான் அறுபதை எண்ணணும். இன்னும் ஒரு வருசம் பாக்கி இருக்குது.”

“அம்மா படத்துக்கு ஜாதகம் பாக்குறாங்க” என்றார் களிமண் பிரிவு பாவாடை. கூடம் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. “மன்றத்தைப் பூட்டுனா நாளைக்கி எங்க உக்காந்து சிரிப்பீங்க?” என்று கேட்டார்.

மறுநாள் பசைவாளியோடு கிளம்பி, ஒவ்வொரு சுவரொட்டியின் மேலும் ‘அடுத்த ஆண்டு’ என்று அவரே தாள் ஒட்டினார். சந்தையில் அவருக்கு ‘அடுத்த ஆண்டு அம்மா’ என்று பெயர் விழுந்தது. எங்களில் பலர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டோம். அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

பொங்கலன்று, படத்தை எடுத்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் வேப்பூரில் பஸ் மாறி வந்து இறங்கினார். கையில் வக்கீல் நோட்டீஸ். ஆலை வாசல் டீக்கடையில் மாலைவரை உட்கார்ந்து, படம் எத்தனை மணிக்கு என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த சனவரியில் உரிமைக்காலம் முடிந்தது. ஆனால் கடற்கரை ஊர்களில் ஆழிப்பேரலை அடித்திருந்த நேரம். யாருக்கும் படம் பார்க்கும் மனமில்லை. சித்திரையில்தான் திரையிட்டோம். அதே ஆள் மறுபடியும் வந்து வாசலில் நின்றார். கலியமூர்த்தியே போய் அழைத்தார்: “உள்ள வந்து உக்காருங்க சார். போன வருசம் வரைக்கும் உங்க படம். இனிமே எங்க படமுந்தான்.”

அவரும் வந்து உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார்.

அம்மையீர், அன்று உங்களோடு பேசாதிருந்தவர்களும் கூடி எழுதிய மடல் இது. அடுத்து எடுத்து வைத்திருக்கும் படம் எந்த ஆண்டு வெளியானது என்று இன்னும் உறுதியாகவில்லை. உறுதியாகும்வரை சுவரொட்டி அடிக்கமாட்டோம். நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்ந்து, அதை முன்வரிசையில் அமர்ந்து நீங்கள் பார்க்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
ஆலை ஊழியர்களும் மனமகிழ் மன்றத்தாரும்
விருத்தாசலம், ஜூன் 2005