காவிச் சிங்கமும் உதட்டுக் கொப்புளமும்

மழை ஓயாத மலையொன்று இருந்ததாம். மலை முழுக்கத் தேயிலையாம். அந்தத் தேயிலைக்குள்ளே காளியண்ணன் என்றொரு லோரிக்காரன் இருந்தானாம். லோரிக்காவது பிரேக் உண்டு. அவன் வாய்க்கு அதுவும் கிடையாது.

"...அதத்தான் மச்சான் நானும் சொல்றேன், இந்த டாக்டருங்களுக்கு எதையும் நேரா பாக்கத் தெரியாது. கொப்புளம் கண்ணு முன்னால இருக்கு. பாத்துட்டு இது இன்னதுன்னு சொல்லிட்டுப் போயேன் லா..."

எண்பத்து மூன்றாம் வருஷம், மலை டவுனான தானா ராத்தாவில் டாக்டர் ராதாகிருஷ்ணனின் கிளினிக் வராண்டா. பெஞ்சில் காளியண்ணன். அவனை ஒட்டி மச்சான் பழனியப்பன்; கோலா தெர்லாவில் கோஸ் பயிரிடுகிறவர், பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள். அவருடைய தங்கை நீலாவதிதான் காளியண்ணன் பெண்டாட்டி. புருஷனுக்கு இடுப்புக்குக் கீழே கொப்புளம் வந்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள். அது அந்த மாதிரிச் சீக்கு இல்லை என்று சோதனைப் பேப்பர் சொன்னால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டாள். பேப்பரை வாங்கத்தான் மச்சான் வந்திருந்தார். பெஞ்சின் மறுகோடியில் இருமலுக்கு வந்த அம்மாக்கண்ணுவும் பல்வலிக்கு வந்த இராமையாவும்.

"கொப்புளத்த ஒடைச்சு, அடியில சொரண்டி, கண்ணாடியில தேச்சு, சாயம் ஊத்தி, பூதக்கண்ணாடில பாக்கணுமாம். வீங்கிப்போன செல்லு தெரிஞ்சா ஹெர்பீஸாம். சரி, பாருங்கன்னேன். மொத தடவ பாத்துட்டு என்ன சொல்றாரு? 'காளியண்ணன், எனக்கு செம்மண்ணுதான் தெரியுது.' பின்ன தெரியாதா? மொத நாளுதான் நம்ம லயத்து ஆண்டியப்பன்கிட்ட அக்கி எழுதிட்டு வந்தேன். கொப்புளம்னா காவியக் கொழச்சு சிங்கம் எழுதுறது நம்ம வழக்கமில்லையா? அவரு கொசவர் வம்சம். கோழி எறகால எழுதுனாரு. பாவம், முதுகுல எழுதிப் பழகுன கை... எடம் பத்தாம சிங்கம் பூனையா முடிஞ்சிருச்சு. மூணு நாளைக்குக் கழுவக்கூடாதுன்னும் சொல்லிட்டாரு. நான் யாரு பேச்சக் கேக்குறது?"

அம்மாக்கண்ணு இருமலை நிறுத்தினாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

"பாத்தீங்களா, மருந்தில்லாமலே நின்னுருச்சு. எதுல விட்டேன்... ஆங், காவி. கழுவிட்டுத் திரும்பி வந்தா, புண்ணு ஆறிப்போச்சாம். காஞ்சதுல ஒண்ணும் எடுக்க முடியாதாம். 'புதுசா வந்தா ரெண்டு நாளுக்குள்ள வா, கோலாலம்பூருக்கு அனுப்பிக் கிருமிய வளத்துப் பாக்கலாம்'ங்கிறாரு. வளக்குறாங்களாம் மச்சான், நீங்க கோஸ் வளக்குற மாதிரி. என் கதியப் பாருங்க. எனக்கு அது இல்லேன்னு காட்டணும்னா அது வரணும். தெனமும் முருகன் கோயில்ல நின்னு, 'அப்பனே, ஒரே ஒரு கொப்புளம்'னு வேண்டுனேன். பக்கத்துல ஒருத்தன் பிள்ள வரம் கேக்குறான், நான் கொப்புள வரம் கேக்குறேன். ஆறாவது வாரம் வந்துருச்சு. இம்புட்டு சுருக்கா குடுத்த சாமிய நான் பாத்ததில்ல. ஓடியாந்து சொன்னா டாக்டரு மூஞ்சி செத்துப்போச்சு. திரும்பித் திரும்பி வந்தாலே சந்தேகம் கூடுதாம். வராட்டியும் குத்தம், வந்தாலும் குத்தம்."

இராமையா கன்னத்தைப் பிடித்தபடி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான்.

"அப்ப நர்ஸ் மிஸி பஞ்சுக்குச்சியோட வந்து நிக்குது. யாருங்கிறீங்க? நம்ம லயத்துச் செல்லம்மா மக ஜெயா. ஊசி போட, புண்ணு கட்டப் படிச்ச பிள்ள. 'எங்க வந்திருக்கு, சித்தப்பா?'ன்னு கேக்குது. காது குத்தும்போது என் மடியில வச்சிருந்த பிள்ள மச்சான் அது. என்னான்னு அவுக்குறது? ஒதட்டுல பொடிசா ஒண்ணு இருந்துச்சு. 'இங்கதாம்மா'ன்னுட்டேன். தடவி, சின்னக் குப்பியில போட்டு, ஐஸ் பெட்டியில வச்சு அனுப்பிருச்சு. அங்க நல்லா வளந்துருக்கு. இந்தா பாருங்க பேப்பரு. ஹெர்பீஸ்."

இராமையா எழுந்தான். பல் தன்பாட்டுக்கு வலிக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ, கால்சட்டையின் பின்புறத்தைத் தட்டித் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

காளியண்ணனுக்கு அது கண்ணிலேயே படவில்லை. மச்சான் கையிலிருந்த பேப்பர்மேல்தான் அவன் உயிர் இருந்தது. எப்படியாவது இவரைச் சரிக்கட்டிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீலாவதி அடுப்பு மூட்டுவாள்.

"பயந்துராதீங்க. இதுலதான் விசயமே இருக்கு. ஒதட்டுல வர்றது பாதிப்பேருக்கு மேல சின்னதுலயே ஒட்டிக்கிருமாம். ஆத்தா முத்தம் குடுத்தாலே போதுமாம், டாக்டரே சொன்னாரு. எங்காத்தாவ யாரு கோர்ட்டுக்கு இழுக்க முடியும்? கீழ உள்ளது என்னான்னு இந்தப் பேப்பர்ல இல்ல. டாக்டரு தலையில கைய வச்சுக்கிட்டு 'நான் கேட்டது ஒதடாய்யா?'ங்கிறாரு. இனி எடுக்கவும் முடியாது, காஞ்சிருச்சு. இன்னும் கேளுங்க. கீழ எடுத்திருந்தாலும் என்ன கிருமின்னுதான் சொல்லுமாம். எப்ப வந்துச்சு, யாருகிட்டருந்து வந்துச்சுன்னு மூச்சு விடாதாம். வருசக்கணக்கா ஒடம்புக்குள்ள ஒளிஞ்சு கெடக்குமாம். அப்புறம் எவன் என்னையக் கேப்பான்? போன தீவாளிக்கு முந்துன சனிக்கெழம ஈப்போவுல லோரி கெட்டு நின்னதும், மழைக்கு அந்த மாடி ரூம்ல ஒதுங்குனதும், அந்தப் பொம்பளைக்கு மீ கோரேங் வாங்கிக் குடுத்ததும்... இதெல்லாம் எந்த பூதக்கண்ணாடில தெரியும்? நீங்களே சொல்லுங்க."

மச்சான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவ லா, மச்சான்... சரி, ரெண்டு."

பழனியப்பன் பேப்பரை நாலாய் மடித்தார். காளியண்ணன் சட்டைப் பையில் செருகி, ஒரு தட்டுத் தட்டினார். குடையை விரித்தார்.

"மச்சான், பேப்பர வச்சுட்டுப் போறீங்க. நீலாவதி கேப்பாளே... கையில ஒண்ணும் இல்லாமப் போயி என்னான்னு சொல்லுவீங்க?"

கேள்வி நல்ல கேள்விதான். குடை பஸ் ஸ்டேஷன் பக்கமாய்த் திரும்பி, வளைவில் மறைந்தது.