கரிசலுக்கு ஏத்த டயர்

— கதவைத் திறக்காதீங்க மாமா. சேறு படி வரைக்கும் வந்துருச்சு. திறந்தா உள்ள வந்துரும்.

— பின்சக்கரம் எம்புட்டு இறங்கியிருக்குன்னு ஒரு எட்டு பாக்கலாம்னு பாத்தேன் மாப்ள.

— என்னத்தைப் பாக்க? பாதிச் சக்கரம் உள்ள போயிருச்சு. இனி ஆக்சிலேட்டரை மிதிச்சா மிச்சமும் போயிரும்.

— மிதிக்காதீங்க. அது கெடக்குது. மழை கொஞ்சம் விடட்டும்.

— விட்டா மட்டும் என்ன ஆகப்போகுது? மேக்க கறுத்துக்கிட்டு நிக்குது பாருங்க. அங்க பேஞ்சா இந்த ஓடையிலதான் தண்ணி வரும். மருது என்ன சொன்னான்? டிராக்டர் எப்ப வருதாம்?

— வாரேன்னான்.

— எப்ப வாரானாம்?

— வருவான் மாப்ள. உழவுல நிக்கிறான். போட்ட உழவை முடிச்சுட்டுத்தான வருவான்.

— பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குப் போயிரணும்னு நெனச்சேன். நாளைக்கு வெள்ளன ஈரத்துல விதைச்சுட்டா அதுக்கப்புறம் எங்கப்பா ஒண்ணும் சொல்ல முடியாது. இப்ப ஓடையில உக்காந்துக்கிட்டு உங்க மூஞ்சியை நானும் என் மூஞ்சியை நீங்களும் பாத்துக்கிட்டு இருக்கோம்.

— நாளைக்குப் போகலாம்னு நான் காலையிலேயே சொன்னேன்ல.

— நீங்க சொன்னீங்க. ஐப்பசி நிக்குமா மாமா? இன்னும் ரெண்டு நாள்ல கார்த்திகை பொறந்துரும். சித்திரையில ஊருக்குப் போனப்ப எங்கப்பா என்ன சொன்னாரு தெரியும்ல? ஐப்பசி மழைக்கு நீ வந்து விதைச்சா காடு உனக்கு. வரலேன்னா சோலார்காரனுக்குக் குத்தகைக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்னாரு.

— தெரியும் மாப்ள.

— தெரிஞ்சும் இந்த டயரை மாட்ட வச்சீங்க பாருங்க.

— ஆரம்பிச்சிட்டீங்களா.

— ஆரம்பிக்காம? செல்வக்குமார் டயர்க் கடைக்கு எத்தனை நடை நடந்து நான் எடுத்து வைக்கச் சொன்ன டயர் என்ன, இதுல மாட்டியிருக்கிற டயர் என்ன? உசரமா, மெல்லிசா வேணும்னு சொன்னேன். விளாங்குடியில இல்லேன்னு சேலத்துல இருந்து வரவழைச்சுக் குடுத்தான் அந்த மனுசன். வண்டியை விட்டுட்டு மறுநா போறேன், நாலு சக்கரமும் அகல டயரா நிக்குது. பளபளன்னு. எருமை காலைப் பரப்பிக்கிட்டு நிக்கிற மாதிரி.

— பாக்கிறதுக்கு நல்லாத்தான இருந்துச்சு. தெருவே சொன்னுச்சு.

— தெருவா விதைக்கப் போகுது?

— மெல்லிசா இருந்தா இந்தச் சேத்துல இன்னும் புதையாதா மாப்ள? நான் அந்த நெனப்புல…

— புதையணும் மாமா. அதுக்குத்தான அது. இந்த ஓடையில மேல ஒரு முழம்தான் சேறு, அடியில சுக்கான் தரை, கல்லு மாதிரி கெடக்கும். மெல்லிசு டயரு சேத்தை அறுத்துக்கிட்டு நேரா அந்தத் தரையில போய் நிக்கும். புடிச்சுக்கிட்டு ஏறிரும். உசரமா இருந்தா வண்டி வயிறு தட்டாது. அகல டயரு என்ன செய்யும்? சேத்து மேல மெதக்கும். அங்கிட்டும் இங்கிட்டும் வழுக்கும். மட்கார்டுக்குள்ள களி அடைச்சுக்கிட்டு சுத்தக்கூட விடாது. அந்தா, அதான் நடந்திருக்கு.

— ம்.

— இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

— தெரியாதுன்னு சொல்லலையே.

— மாமா, வெளிப்படையாப் பேசிருவோம். கல்யாணம் ஆகி ஆறு வருசம் ஆச்சு. வீட்டோட மாப்பிள்ளையா வந்தேன், நல்லாத்தான் வச்சிருக்கீங்க. சோத்துக்குக் குறை இல்ல, மரியாதைக்கும் குறை இல்ல. ஆனா வண்டிச் சாவி அத்தை கட்டிலுக்கு மேல ஆணியில தொங்குது. எடுக்கணும்னா அத்தை முழிச்சிருக்கணும். எங்கன்னு கேக்கும். சொல்லணும். எதுக்குன்னு கேக்கும். அதையும் சொல்லணும். டீக்கடையில ஒருத்தனுக்கு என் பேரு தெரியாது. காசிமாயன் வீட்டு மாப்ளைக்கு ஒரு டீ போடுங்கிறான்.

— உங்களையாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான். நானும் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன்தான? முப்பத்தஞ்சு வருசமா எனக்கு மலையம்மா வீட்டுக்காரன்னுதான் பேரு.

— நீங்க ஒட்டிக்கிட்டீங்க மாமா. உங்களுக்கு அந்த வீடே ஊராயிருச்சு. எனக்கு ஆகல. மூச்சு முட்டுது. சுபாவைக் கேட்டா, உங்களுக்கு இங்க என்ன குறைங்கிது. என்ன குறைன்னு சொல்ல எனக்கே தெரியல. எங்கப்பன் காட்டுல ஒரு போகம் நானா விதைச்சு நானா அறுத்தாப் போதும். ஏக்கரு எம்புட்டுன்னு பாக்கல, வெளைச்சல் எம்புட்டுன்னு பாக்கல. காலு வைக்க எனக்குன்னு ஒரு எடம். அம்புட்டுத்தான்.

— சுபாவும் புள்ளையும்?

— முதல்ல விதை விழட்டும். அப்புறம் கூப்பிடுவேன். வருவா.

— வருவா. வராமயா போயிருவா.

— நீங்க எதுக்கு இன்னைக்கு வண்டியில ஏறுனீங்க? அதுதான் எனக்குப் புரியல. கிளம்புற நேரத்துல செருப்புகூடச் சரியா மாட்டாம ஓடியாந்து ஏறுறீங்க. திருப்பரங்குன்றத்துல இறங்கிக்கிறேன்னீங்க. இறங்கல. ரோட்டை விட்டு மண்பாதையில திரும்பும்போது, மாப்ள ஒரு டீ குடிப்போம்னீங்க. நிறுத்துனேன். டீ குடிச்சீங்க. மறுபடி ஏறிட்டீங்க.

— சும்மாதான் மாப்ள. ஒத்தையில போறீகளேன்னு.

— எங்கப்பாவுக்குப் போன் போட்டாலும் ஒரு வாரமா போகல. நான் வாரது அவருக்குத் தெரியுமோ என்னமோ.

— அங்க டவர் கெடைக்காதுல்ல.

— இம்புட்டு நாளும் கெடைச்சுச்சே.

— மழை நாளு. அது கெடக்குது. மாப்ள, ஒண்ணு சொல்லவா?

— சொல்லுங்க.

— இதே ஓடைதான். நான் உங்க அத்தையைக் கட்டிக்கிட்டு வந்தப்ப எங்கப்பன் மாட்டு வண்டியை ஓட்டிக்கிட்டு வந்தேன். மரச்சக்கரம். என் நெஞ்சு உசரம் இருக்கும். இரும்புப் பட்டை மூணு விரல்கட்டை அகலம். இதைவிடப் பெரிய மழையில, மாடு முழங்கால் சேத்துல தள்ளாடும், வண்டி பாட்டுக்குப் போயிரும். நீங்க சொன்ன மாதிரிதான். அறுத்துக்கிட்டுப் போயித் தரையைப் புடிச்சுக்கும்.

— உங்க ஊருக்கும் இந்தப் பாதையிலதான் போவீங்களா மாமா?

— உங்க ஊருக்கு அடுத்த ஊருதான. ஐப்பசிக்கு ஐப்பசி போவேன். விதைச்சுட்டு வருவேன். ரெண்டு வருசம் போனேன். மூணாவது வருசம் எங்க மாமனாரு டயர் வண்டி எடுத்துக் குடுத்தாரு. அப்ப டயர் வண்டின்னா பெரிய கௌரவம். சந்தனம் தடவி, மாலை போட்டு, மேளம் வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தாரு. தார் ரோட்டுல ஓட்டுனா சத்தமே இருக்காது. மாட்டுக்கும் நோவு இல்ல. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. பழைய சக்கரத்தை வெந்நிக்கு வெறகா வச்சு எரிச்சாங்க. நானும் அந்த வெந்நியிலதான் குளிச்சேன்.

— அந்த ஐப்பசியில?

— கிளம்புனேன். ஓடைக்கு அங்கிட்டு இருக்கிற கரை கண்ணுக்குத் தெரியுது. டயரு களியில அடைச்சுக்கிட்டு நின்னுருச்சு. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தேன். மாமனாரு ஒரு வார்த்தை கேக்கல. வா மாப்ள, சாப்பிடுன்னாரு. சாப்பிட்டேன். அந்த வருசம் எங்க காட்டைப் பங்காளி உழுதான். அதுக்கப்புறம் அவன்தான் உழுவுறான்.

— இதை எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.

— சொல்லி? சாப்பிட்டவன் நான்தான மாப்ள.

— அப்ப தெரிஞ்சேதான் எனக்கு அகல டயரு போட வச்சீங்க.

— தெரிஞ்சேதான்.

— ஒரு மனுசன் செய்வானா மாமா இதை? உங்களுக்கு ஒருத்தன் செஞ்சதை, வலி தெரிஞ்சு, பொழுதன்னைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்துட்டு, அதையே எடுத்து எனக்குச் செய்வீங்களா?

— செய்யச் சொன்னா என்ன செய்ய?

— யாரு சொன்னா? அத்தையா?

— அவளுக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்.

— சுபா சொன்னாளா? உண்மையைச் சொல்லுங்க.

— புள்ளை மேல பழி போடாதீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது.

— பின்ன யாரு மாமா?

— விடுங்க மாப்ள. நான் சொன்னேன், நான்தான் டயர்க் கடைக்குப் போன் போட்டேன். என்னையே வைங்க. எம்புட்டு வைவீங்களோ வைங்க.

— வஞ்சு என்ன ஆகப்போகுது? நான் இறங்குறேன். விதை மூட்டை ஒண்ணைத் தலையில தூக்கிக்கிட்டு நடக்குறேன். உளுந்து கெடக்கட்டும், சோளம் போதும். இருட்டுறதுக்குள்ள போயிருவேன்.

— வேணாம் மாப்ள.

— கையை விடுங்க மாமா.

— வேணாம், போகாதீங்க. சொன்னாக் கேளுங்க. அங்க போயி… தண்ணி வந்துரும். நீங்களே சொன்னீங்கல்ல, மேக்க கறுத்திருக்குன்னு.

— தண்ணி வந்தா வரட்டும். வண்டிக்குள்ள உக்காந்து சாகுறதுக்கு அதுல நடந்து போறேன்.

— நாளைக்கு. காலையில நானே கூட்டிக்கிட்டு வாரேன்.

— அந்த மருதுக்கு ஒரு போன் போடுங்க முதல்ல. அவனாவது வந்து தொலையட்டும்.

— அவன்…

— குடுங்க உங்க போனை, நான் பேசுறேன்.

— மாப்ள, நான் மருதுகிட்ட பேசவே இல்ல.

— என்ன சொல்றீங்க? என் முன்னாடிதான பேசுனீங்க. மருது, ஓடையில சிக்கிருச்சு, வாடான்னு.

— போனைச் சும்மா காதுல வச்சேன்.

— மாமா, உங்களுக்கு என்னதான் ஆச்சு? எதுக்கு என்னை இப்படிக் கட்டிப் போடுறீங்க? ஊரைத்தான் விட்டேன். பேரை விட்டேன். இந்தச் சேத்துலயும் என்னை உக்கார வச்சு வேடிக்கை பாக்கணுமா?

— வேடிக்கை பாக்கல. சாமி சத்தியமா வேடிக்கை பாக்கல. காலையில இருந்து சொல்லணும் சொல்லணும்னுதான் வாரேன். வாய் வர மாட்டேங்குது.

— என்ன சொல்லணும்?

— கொஞ்சம் பொறுங்க மாப்ள.

— நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சுபாவுக்குப் போடுறேன். அவ மருது வீட்டுக்கு ஆள் அனுப்பட்டும்.

— சுபாவுக்கா? வேணாம் மாப்ள. வீட்டுக்குப் போடாதீங்க. வச்சுருங்க.

— ரிங் போகுது. ஸ்பீக்கர்ல போடுறேன், இந்த மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. அலோ, சுபா?

— அலோ.

— சுபா, மருது வீட்டுக்கு யாரையாவது அனுப்பி டிராக்டரை… யாரு பேசுறது?

— நான்தான்டா குமரா. அப்பா பேசுறேன்.

— அப்பாவா? நீ எப்படிப்பா சுபா போன்ல? எங்க இருக்க நீ?

— உன் மாமனாரு வீட்டுலதான்டா. மத்தியான பஸ்ஸுல வந்தேன். மருமக புள்ளையைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கு, எடுத்துப் பேசுங்கன்னு குடுத்துச்சு. சம்பந்தி உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?

— மாமா?

— அவரு வந்து அவரு வாயாலயே சொல்லட்டும்னு நெனச்சேன் மாப்ள. அதுக்குள்ள நீங்க விதையை ஏத்திட்டீங்க.

— அப்பா, ஓடையில நிக்கிறேன். விதை கொண்டாந்திருக்கேன். எப்படியாவது வந்துருவேன், நீ ஊருக்குத் திரும்பிப் போ.

— குமரா, கேளுடா. சம்பந்தியை ஒண்ணும் சொல்லாத. அகல டயரு போட்டுருங்கன்னு அவரைக் கெஞ்சிக் கேட்டது நான்தான். நீ மெல்லிசு டயரு எடுத்து வச்சிருக்கேன்னு சந்தோசமா எங்கிட்ட போன்ல சொன்னேல்ல, அன்னைக்கே அவருக்குப் போன் போட்டேன்.

— நீயாப்பா?

— சுத்தி அம்புட்டுப் பேரும் சோலார்காரனுக்குக் குடுத்துட்டாங்கடா. நம்ம காடு மட்டும் நடுவுல நின்னுச்சு. நாலு பக்கமும் கம்பிவேலி. மாட்டை உள்ள ஓட்டிக்கிட்டுப் போக ஒரு பொழிப்பாதை கிடையாது. எவன் காலைப் புடிச்சும் வழி விடல. ஆவணியிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன். உங்கிட்டச் சொல்ல எனக்குத் திராணி இல்ல, போனையும் அணைச்சு வச்சுட்டேன். நீ விதையோட வந்து வேலிக்கு வெளிய நிக்கிறதை என் கண்ணால பாக்கக் கூடாதுன்னு இருந்தேன்.

— வீடு இருக்குல்லப்பா. வீட்டை விட்டு எதுக்கு வந்த?

— வீடும் காட்டுக்குள்ளதானடா இருந்துச்சு.

— மாப்ள, போனைக் குடுங்க. நான் பேசுறேன்.

— அப்பா.

— குமரா, வண்டியைத் திருப்பிக்கிட்டு வாடா. மலையம்மா தங்கச்சி நல்லாத்தான் கவனிக்குது. வா அண்ணே, சாப்பிடுன்னுச்சு, சாப்பிட்டேன். எனக்கும் இங்கேயே பாய் போட்டுட்டாங்க.