பச்சை மறுத்துப் பாதாள நீர் காத்த நிதெல்வியா காஞ்சே அவர்களுக்கு

யுகத்தான் தீபகற்பத்து மண்ணின் மாதரசியே! ஆறில்லா ஊருக்கு அடிநீரே ஆறென்று அறிந்து நடந்த அன்னையே! நகரப் பூங்காக்களின் கண்காணிப்பாளராக முப்பத்தோராண்டு வெயிலில் நின்று, நாளை முதல் நிழலில் அமரப்போகும் நிதெல்வியா காஞ்சே அவர்களே! தங்களோடு வெயிலில் நின்ற பூங்காப் பணியாளர்களாகிய நாங்கள் வணங்கி வாசிக்கும் வாழ்த்து இது.

நம் ஊரில் மண் என்பது பெயருக்குத்தான். மண்வெட்டி ஒரு சாண் இறங்குமுன் சுண்ணாம்புப் பாறை 'ணங்' என்று பதில் சொல்லும். அந்தப் பாறை முழுதும் ஓட்டை. மேலே கொட்டியதெல்லாம் கீழே குடிநீரில் போய் நிற்கும். இதை அறியாதார் இங்கில்லை, அறிந்தபடி நடந்தவர் தாங்கள் ஒருவரே. களைக்கொல்லி வேண்டாமென்று கையால் களை பறிக்க வைத்தீர்கள். முதுகொடிந்த நாங்கள் முணுமுணுத்தோம். உதிர்ந்த இலையை மரத்தடியிலேயே மட்கவிட்டீர்கள். சோம்பேறிப் பூங்கா என்று ஊர் சிரித்தது. மழைநீர் இறங்கும் குழிகளைச் சுற்றிப் புதர் வளர்த்து, தெருவின் எண்ணெயும் அழுக்கும் அதில் தங்கிய பிறகே நீரைக் கீழே விட்டீர்கள். அதற்கும் பேச்சு வாங்கினீர்கள்.

ஆயினும் தங்கள் நெஞ்சுரத்தை நாங்கள் முழுதாய்க் கண்டது சான் தெலெஸ்போரோ பேட்டைத் திருவிழாவில்தான். ஆண்டுதோறும் அப்பேட்டைப் பூங்காவின் புல்வெளி நடுவே மேடையிட்டு ஆட்டம் நடக்கும். மேடையைச் சுற்றிப் பச்சை இருந்தே ஆகவேண்டும் என்பது திருவிழாச் சங்கத்தின் பிடிவாதம். அவ்வாண்டு கோடை நீண்டு, புல் வைக்கோலாய்க் கிடந்தது. மானம் போகிறதே என்று பதறிய சங்கத் தலைவர் தோன் அபுந்தியோ, வரும் மழையில் பச்சை பிடித்துவிடும் என்று, தங்களைக் கேளாமல், திருவிழா தொடங்கும் நாள் விடியுமுன் ஆள்விட்டு மூட்டை மூட்டையாய் உரம் தூவிவிட்டார். வானமோ கிழக்கே கறுத்து நின்றது. பூங்காச் சுவரை ஒட்டி மாவு ஆலையின் கிணறு. பேட்டை முழுவதும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

தாங்கள் வாயிலைப் பூட்டினீர்கள். கொடியும் பூவுமாய்ப் புனிதர் சிலையைச் சுமந்து வந்த ஊர்வலம் தெருவில் நின்றது. தோன் அபுந்தியோ கம்பிக்கு வெளியே நின்று கேட்டார்:

"புல்லுக்கு ஒரு பிடி உரம் போட்டதுக்குச் சாமியவே தெருவுல நிறுத்துவீங்களா, தோன்யா நிதெல்வியா?"

"புல்லுக்கு எங்க போகப்போகுது? மழை வந்தா கிணத்துக்குப் போகும், தோன் அபுந்தியோ. அந்தத் தண்ணியிலதான் உங்க பேட்டையில பச்சப்பிள்ளைங்களுக்குப் புட்டிப்பால் கலக்குறாங்க. சாமி கொஞ்ச நேரம் நிக்கும். மழை நிக்காது."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னே மண்டியிட்டீர்கள். காய்ந்த புல்லிடையே கிடந்த உரமணிகளைப் பெருக்கி அள்ளினோம். பெருக்க வராததைப் புல்லோடு சுரண்டினோம். சற்றுக் கழித்து, ஊர்வலத்தில் வந்த, வெள்ளைப் பூத்தையல் ஆடை உடுத்திய பெண்கள் கொடிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்து எங்களோடு குனிந்தார்கள். தோன் அபுந்தியோ வரவில்லை. கடைசி மூட்டையைக் கட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு ஆட்டம் நடக்கவில்லை.

திருவிழாவைக் கெடுத்தவர் என்ற பழி தங்களை விடவில்லை. பூங்காத் துறை இயக்குநர் நாற்காலி தங்கள் வாசல்வரை வந்து, அடுத்த வீட்டுக்குப் போயிற்று. தோன் அபுந்தியோவின் செல்வாக்கு அப்படி. தாங்கள் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. எங்களுக்குத்தான் மனம் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

நோயும் நொடியும் தங்கள் தெருப்பக்கம் வாராதிருக்கட்டும்! முழங்கால் வலி விலகி, வெயிலேறும்வரை உறங்கும் பேறும், எவரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாத நாள்களும் தங்களுக்கு நிறைய வாய்க்கட்டும்!

மறைத்து வைத்த ஒன்றை இனிச் சொல்லிவிடுகிறோம். சென்ற வாரம் மேலிடத்து ஆள் ஒருவர் உரமூட்டை ஏற்றிய வண்டியோடு வந்தார். திருவிழா நெருங்குகிறது, அம்மையார் ஓய்வுபெற்றதும் உரத்தைத் தூவிவிடுங்கள் என்றார். ஒருநாளும் குரலுயர்த்தாத, புல்வெட்டும் எலிஹியோதான் முதலில் எழுந்தார்.

"எங்கள வேணும்னா வேலையவிட்டு அனுப்புங்க. மூட்டைய இறக்க விடமாட்டோம்."

நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் போய் நின்றோம். வண்டி வந்த வழியே திரும்பியது. சொன்னால் ஓய்வை ஒத்திப்போட்டுவிடுவீர்கள் என்று பயந்துதான் தங்களிடம் சொல்லவில்லை. இந்த ஆண்டும் புல் மஞ்சளாகவே இருக்கும். தாங்கள் கவலையின்றிப் போய்வாருங்கள்.

தங்கள் சொல் தாங்கி நிற்கும்
நகரப் பூங்காப் பணியாளர்கள்