வரிசைக்கு வெளியே ஒரு புங்கன்

— மத்த செடியெல்லாம் உன் இஷ்டம் கரியப்பா. புடுங்கு, நடு, என்ன வேணா பண்ணு. இந்த ஒண்ணை மட்டும் தொடாதே.

— நானாங்க தொடறேன்? நேத்து ரேஞ்சர் அய்யா வந்து அவரு கையாலயே சுண்ணாம்பு பூசிப்போட்டுப் போனாருங்க பிரகாசம் சார். "வாட்சர் வேல பாக்கறயா, மாடு மேய்க்கறயா? எல்லாச் செடியும் வரிசையில நிக்கறப்ப இது மட்டும் ஏன் ரெண்டு கஜம் தள்ளி நிக்குது"ன்னு என்னயக் காய்ச்சி எடுத்துப்போட்டாரு.

— நின்னா என்னவாம்? மரம் என்ன பரேடா பண்ணப் போகுது?

— இந்த வருச வன மகோத்சவத்துக்கு மந்திரி வர்றாருங்களே. நஞ்சன்கூடு ரோட்டுல கார்ல இருந்து பாத்தாக்கா, மலையடி வரைக்கும் கயிறு புடிச்சாப்பல தெரியோணுமாம்.

— சுதந்திரம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. வரிசையில நிக்க மட்டும் நல்லாக் கத்துக்கிட்டோம்.

— அதயெல்லாம் நீங்க ரேஞ்சர் அய்யாகிட்டச் சொல்லுங்க. நீங்கதான தொண்டர் படைக்கு லீடரு. நாலு வருசமா மழ சீசன் வந்தா போஸ்டாபீசுக்கு லீவு போட்டுப்போட்டு, ஆளுங்களக் கூட்டியாந்து நடறீங்க. நீங்க சொன்னா கேப்பாரு.

— சொல்றேன். புங்கன், ஒரு வருஷத்துச் செடி, இப்ப பேத்தா செத்துடும்னு சொல்றேன்.

— அதயே நானும் சொன்னனுங்க. "செத்தா வேற நடு, நர்சரியில குவிஞ்சு கெடக்குது"ன்னுட்டாரு. நாளைக்குக் காலையில உங்க படையில இருக்கற காலேஜ் பசங்க வந்ததும் மொத வேல இதுதானுங்க. ஆணிவேரு அறாம எடுக்கோணும், மூணடி தோண்டுன்னு உத்தரவு.

— மூணடியா?

— ஆமாங்க. ஏனுங் சார், ஏன் இப்படி வேர்க்குது? மப்பும் மந்தாரமுமா இருக்கறப்ப... இந்தக் கல்லு மேல உக்காருங்க.

— பேடாப்பா. வேண்டாம். உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்.

— சார், ரேஞ்சர் அய்யாவுக்கு ஒரு காரணம் சொல்லோணும். எனக்காச்சும் சொல்லுங்க. இந்தச் செடியில அப்படி என்ன இருக்குது?

— செடியில ஒண்ணுமில்லை. அதுக்குக் கீழே என் பொண்ணு இருக்கா.

— உங்க பொண்ணுங்களா?

— போன வருஷம் நாம நடறதுக்கு முந்தின நாள் என் சம்சாரம் மேரிக்குப் பிரசவம். பொறந்தது, ஆனா அழலை. நானும் ஸ்வல்ப நேரம் நின்னு காத்திருந்தேன், இப்ப அழும், இப்ப அழும்னு. தலை நிறைய முடி கரியப்பா. அவ்வளவு முடி யாருக்கு இருக்கும் பொறந்த புள்ளைக்கு!

— அட சாமி.

— எங்க வழக்கம் உனக்குத் தெரியாது. ஞானஸ்நானம் வாங்காம செத்த புள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள இடமில்லை. சுவருக்கு வெளியில வெச்சுக்கோன்னாங்க. சாமியாரைக் குத்தம் சொல்லலை, சட்டம் அப்படி. போய்ப் பாத்தேன். உண்ணிச்செடிப் புதர். ரெண்டு நாய் படுத்திருந்தது. அதுங்க எந்திரிச்சு என் கையிலே இருந்த துணியை மோந்து பாக்க வந்துச்சு.

— சொல்ல வேண்டாமுங்க சார். விடுங்க.

— இல்லை, சொல்றேன். ஒரு வருஷமா யாருகிட்டயும் சொல்லலை. அப்படியே நடந்து இங்க வந்துட்டேன். சாயங்காலம். உங்க ஆளுங்க வேலை முடிச்சுப் போயிருந்தாங்க. வரிசையா குழி தோண்டித் தயாரா இருந்தது. எல்லாமே முழங்கால் ஆழம். அந்த ஆழத்துல எப்படிப்பா வைப்பேன்? தள்ளி, இங்க மண்ணு மெத்துன்னு இருந்தது. தொடையாழம் தோண்டினேன். மேரி பின்னி வெச்சிருந்த கம்பளித் தொப்பியைத் தலையில போட்டேன். ஒரு பரலோக மந்திரம் சொன்னேன், பாதியில மறந்துபோச்சு. மண்ணைத் தள்ளி மூடி, மேலாக்க ஒரு செடி நடற அளவுக்குக் குழி விட்டேன்.

— இந்தக் குழி ஏன் தள்ளி இருக்குதுன்னு மறுநா காலையில நான் கேட்டனே. "பாறை குறுக்க வந்துச்சு"ன்னீங்க.

— சொன்னேன். அப்புறம் கொடி ஏத்தி, எல்லார் முன்னாடியும் மொதல் செடியை நானே இதுல நட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. சேசுவே, அந்தக் கைதட்டல் இன்னும் காதுல இருக்கு.

— வீட்டம்மாகிட்ட என்னன்னு சொன்னீங்க?

— சாமியார் ஒத்துக்கிட்டாரு, கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளதான் வெச்சேன், உன் அம்மா கல்லறைக்குப் பக்கத்துலன்னு சொன்னேன். படுக்கையில கெடந்தவகிட்ட வேற என்ன சொல்றது? நவம்பர் மாசம் கல்லறைத் திருநாள் வந்தது. ஒண்ணுமே இல்லாத மண்ணுல சாமந்தி தூவி, மெழுகுவத்தி ஏத்தி, குனிஞ்சு குனிஞ்சு பேசறா. நான் பக்கத்துல நின்னு, காத்துல திரி அணையாம கையால மறைச்சுப் புடிச்சிருந்தேன். என்னைவிடக் கேடுகெட்டவன் யாருப்பா?

— இப்பவாச்சும் சொல்லிப்போடலாமுல்லங்க.

— தெரிஞ்சா உசுரை விட்டுடுவா. அவளுக்குன்னு இருக்கறதே அந்த ஒரு சாண் இடம்தான். அதையும் நான் புடுங்கிக்கறதா? நீ என்ன பாக்கற? போலீஸ்ல சொல்லணும்னா சொல்லிக்கோ. நாளைக்கு மம்பட்டி மட்டும் இங்க விழக் கூடாது. என் பசங்களே தோண்டி, என் பசங்க கையிலயே அவ...

— என்ன பேச்சுங்க இது. எங்க ஊரு அனூர்ப் பக்கம் நாங்க பச்சப்புள்ளைகள மண்ணுலதானுங்க வெப்போம். எனக்கும் ரெண்டு அப்படி மண்ணுல இருக்குது. மேல ஒரு கள்ளி வெச்சேன், அதுவும் இப்ப இல்ல. அழுவாதீங்க சார். ஒரு ரோசன சொல்லட்டுங்களா?

— சொல்லு.

— ரேஞ்சர் அய்யாவுக்கு வேண்டியது வரிசதான? இந்தச் செடிய வரிசைக்குக் கொண்டு போனாத்தான் ஆச்சுங்களா? வரிசைய இதுகிட்டக் கொண்டாந்தா? புதுசா இருநூறு செடி வந்திருக்குது. கயித்த இதுல கட்டி, இங்கிருந்து மலையடி வரைக்கும் ரெண்டாவது வரிச புடிச்சுப்போடலாம். மந்திரி கார்ல இருந்து பாத்தா ரெண்டு வரிசையும் ஜோரா நிக்கும். அந்தச் சுண்ணாம்ப நான் தண்ணி தொட்டுத் தொடச்சுப்போடறன்.

— ரேஞ்சர் ஒத்துப்பாரா?

— ஒண்ணு கேட்டாரு, ரெண்டு குடுக்கறோம். ஒத்துக்காம என்ன! இதுதான் மொதச் செடின்னு ஆயிட்டா, அப்புறம் யாரு வந்தும் அசைக்க முடியாதுங்க.

— கரியப்பா, உன் கையைக் குடு. இந்தப் பங்குனி, சித்திரை வெயில்ல அந்த வரிசையில பாதி காஞ்சுபோச்சு. இது மட்டும் இடுப்பு உசரம் நிக்குது. நான் ஞாயித்துக்கிழமைதான் வந்து ஊத்தறேன். மத்த நாளெல்லாம் நீ ஊத்தியிருக்கே. காரணமே தெரியாம ஊத்தியிருக்கே.

— நான் ஒரு செம்பு கூட ஊத்தலீங்க சார்.

— அப்புறம்?

— புதங்கெழமையானா ஒரு அம்மா வருவாங்க. பஸ்ஸ விட்டு எறங்கி, கீழ குட்டையில இருந்து ஒரு கொடம் மொண்டுக்கிட்டு ஏறுவாங்க. ஊத்திப்போட்டு, செபமாலைய எடுத்து வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருப்பாங்க.

— மேரியா? மேரியா வர்றா?

— கல்லறையில குழி வெட்டறவரு, "இங்க யாரயும் வெக்கலியே தாயி"ன்னு சொல்லிப்போட்டாராம். ஞாயித்துக்கெழம நீங்க எங்க போறீங்கன்னு பின்னாலயே வந்து, நீங்க இங்க உக்காந்து அழறத அந்தப் பாறைக்குப் பின்னால நின்னு பாத்திருக்காங்க. அது ஆச்சுங்க, ஏழு மாசம்.

— ஏழு மாசமா! எனக்குத் தினமும் சோறு போடறா, சட்டைக்குப் பொத்தான் தைக்கறா, ஒரு வார்த்தை சொல்லலியே! நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

— கையிலடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க சார், அதனாலதான் இத்தன நேரம் ஒண்ணும் தெரியாதவனாட்டம் கேட்டுக்கிட்டிருந்தன். "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம் கரியப்பா. வீட்டுல அவர் அழுது நான் பாத்ததில்லை. தெரிஞ்சா, இங்க வந்து அழறதையும் நிறுத்திடுவார்"னாங்க.