பீரோவுக்குள் குடிபோன குமாஸ்தா

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் தணிகாசலம் அவர்களே! முதல் ஷிப்டு முடிந்த அலுப்போடு ஆலையிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே! மணவாள நகரின் மூத்தோரே! முன்வரிசைத் தாய்மார்களே! வாசகர் மன்றச் செயலாளன், பள்ளி ஆசிரியன் சுப்பராயன் வணங்குகிறேன்.

இன்று வெளியாகும் நாவலை எழுதியவர் நம்மூர் வீரராகவன். கதை என்ன? ஆபீசர் அடிக்கும் மணிக்கு அஞ்சி, அதட்டலுக்கு அஞ்சி, அடுத்த மேசைக்காரன் பார்வைக்கும் அஞ்சி, ஒரு குமாஸ்தா ஆபீஸ் பீரோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறான். எவராவது தேடினார்களா? இல்லை! கதவிடுக்கில் ஃபைலை நுழைத்தார்கள், கையெழுத்தாகி வந்தது. பதவி உயர்வும் கொடுத்தார்கள்! கடைசியில் பீரோவுக்கே மாலை போட்டுப் பிரிவுபசாரம் நடத்தினார்கள்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மாலை போட்ட பிறகும் உள்ளே சத்தமில்லை. திறந்து பார்க்க ஒருவருக்கும் தைரியமில்லை. அந்தப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? எழுதியவரே ஐந்து மாதமாக அறையைத் தாழிட்டுக்கொண்டு கிடக்கிறாரே!

இன்று காலை அழைத்துவரப் போனேன். அவர் மனைவி சம்பூர்ணம் அம்மாள் வாசலிலேயே அழுதார். "ஜன்னல் வழியாத்தான் சோறு குடுத்துக்கினு கீறேண்ணா. நான் தண்ணிக்குப் போற நேரம் பாத்து வெளிய வந்துட்டு, மறுபடி பூந்துக்கிறாரு. பேச்சே கொறஞ்சிப்போச்சு. பயமா கீதுண்ணா."

கதவைத் தட்டினேன். "இன்னா ராகவா, உன் புக்குக்குத்தான் விழா. வா."

"நீயே பேசிடு சுப்பராயா. எனக்கு இங்க நல்லாத்தான் கீது."

கோபமில்லை, குமுறலில்லை, குறையில்லை. உலகமே வேண்டாமென்று ஒருவன் இவ்வளவு நிம்மதியாகச் சொன்னால், அதைவிடப் பயங்கரம் உண்டா?

கதவை உடைத்தீரா என்கிறார் அங்கே ஒரு தோழர். இல்லை ஐயா! உடைத்தால் இன்னும் ஆழத்தில் ஒளிந்துகொள்வாரே! அங்கேயே தரையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன்.

"எனக்கும் பயம்தான்டா. மேடை ஏறுனா எறங்கி ஓடிடலாம்னு தோணுது. நீ எழுதனதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் ஸ்கூலுக்கே போவல. ஊட்டுக் கதவைச் சாத்திக்கினேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதான் பயம்."

உள்ளே காலடி கதவருகே வந்து நின்றது. பிறகு, "நீயுமா?" என்றார். தாழ்ப்பாள் விலகியது. தாடியும் தானுமாக நின்றவர் கேட்டது ஒன்றுதான்: "ரொம்ப பேர் வருவாங்களா?"

தோழர்களே! அஞ்சியவன் கோழையா? நம் தெருவில், நம் ஷிப்டில், நம் கூரையின் கீழேயே எத்தனை பேர் இப்படி உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள்! தேடினோமா? பெயர் சொல்லி அழைத்தோமா? பதில் வரும்வரை பக்கத்தில் இருந்தோமா?

அவர் வந்திருக்கிறார். பின்னால், பந்தக்கால் ஓரமாக, சம்பூர்ணம் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். திரும்பாதீர்கள்! தயவுசெய்து கைதட்டாதீர்கள்! ஓடிவிடுவார். கலைந்து போகும்போது ஒவ்வொருவராக, மெல்ல, "நல்லாக் கீறீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. இந்தக் கும்பிடு உங்களுக்கும், அவருக்கும்.