எஃப் வரைக்கும் படிச்சவ

அங்க குந்தாத நைனா, அந்த சேருக்கு ஒரு காலு ஆடும். இந்த ஸ்டூல இஸ்த்துப் போட்டுக்கோ. சார்னு கூப்டாதன்றியா? சரி, ராபினு, டீய குடி. ஆறிப்போச்சின்னா இந்த கேண்டீன் டீய மனுசன் வாயில வைக்க முடியாது. எனக்கா? நான் ரெண்டு கிளாஸு குடிச்சிட்டேன். இன்னிக்கு எனக்குக் கடைசி நாளுல்ல, அதான் கேண்டீன்காரனே ஊத்திக் குடுத்தான்.

ஆமா, கடைசி நாளுதான். நாளையிலேர்ந்து பெருக்குறதுக்கு வேற காண்ட்ராக்டாம். சக்கரம் வச்ச மிஷினு ஒண்ணு வருதாம், ஒருத்தன் மேல குந்திகினு ஓட்டுவானாம். கேட்டு பாஸ குடுத்துட்டுப் போம்மான்னுட்டாரு மேனேஜரு வசந்தகுமாரு. பதினோரு வருசம். இந்தாம்மா, ஏம்மா, போம்மா. கங்கம்மான்னு ஒரு பேரு இருக்குதுன்னு அந்த மனுசனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

சரி, என் கதை எதுக்கு. நீ தட்டு. ரெண்டு மணி நேரமா தட்டிகினு கீற, இந்தக் கம்ப்யூட்டரும் கம்முன்னு கீது. நேத்து வந்தவன் வேற மாரி தட்னான். முந்தாநேத்து ஒருத்தன் கூலிங் கிளாஸு போட்டுகினு வந்தான். இத்த பாத்துட்டு, இன்னாம்மா இது, மியூசியத்து டப்பாவான்னு சிரிச்சான். அப்பறம் அவன் லேப்டாப்ப தொறந்தான். அது அப்டேட்டு ஆவுது, ஆவுது, ஆவுது. ஆயி முடியறதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சிட்டாங்கோ. தின்னான், போயிட்டான்.

டப்பாவாம். உருக்குற இரும்புல ஒரு துண்ட வெட்டி இந்தப் பக்கத்து மிஷின்ல வச்சா பொறி பறக்கும். அந்தப் பொறிய பாத்து, இதுல கார்பன் எவ்ளோ, மாங்கனீஸு எவ்ளோன்னு பேப்பர்ல துப்புறது இந்த டப்பாதான். அந்தப் பேப்பரு இல்லன்னா ஒரு லாரி கேட்ட தாண்டாது. வரும்போது பாத்தல்ல, எத்தினி வண்டி நிக்குது? நாலு நாளா டிரைவருங்க வண்டிக்கு அடியில தூளி கட்டித் தூங்கறானுங்கோ. அதுல ஒருத்தன் என்னாண்ட வந்து சட்டி கேக்கறான், சோறு பொங்க.

இதோட வந்த சாப்ட்வேரு செத்து எத்தினியோ வருசம் ஆச்சு. செஞ்சவனே கைய விரிச்சிட்டான். உங்க விண்டோஸு இதுல வாசப்படி கூட ஏறாது, இதோட மூளை ஸ்பார்க்னு வேற இனமாம். இங்க லேப்ல தணிகைவேலுன்னு ஒரு பையன் இருந்தான். அவன்தான் எங்கேர்ந்தோ நெட்பிஎஸ்டின்னு வேற ஒரு சாப்ட்வேர புடிச்சாந்து உள்ள போட்டான். எவன்டா வித்தான்னு கேட்டேன். எவனும் விக்கலக்கா, உலகத்துல நாலு மூலையில கீறவங்க சும்மா எழுதி வச்சிகீறாங்கன்னான். பெத்தவனே தூக்கிப் போட்டதுக்கு எவனோ குந்திகினு சும்மா எழுதறானாடா, இங்க சம்பளம் வாங்கறவனே ஒண்ணும் எழுதறதில்லியேன்னேன். அப்டி சிரிச்சான்.

ஆனா ஒரு பேஜாரு. உள்ள ஒரு சிப்பு கீதாம், அதோட பேட்டரி செத்துப் போச்சு. கரண்ட நிறுத்தினா இதுக்குத் தன் பேரே மறந்துடும். அட்ரஸுன்றீங்களே, பன்னண்டு எழுத்து, அதான். அந்தப் பேர சொன்னாத்தான் பொறி மிஷினு இதோட பேசும், தணிகைவேலு அப்டி எழுதி வச்சிட்டான். கரண்டு போயி யூபிஎஸ்ஸும் படுத்துடுச்சின்னா, பன்னண்டையும் திரும்ப கையால அடிக்கணும். சிப்பு மேல நம்பரு போட்ட ஸ்டிக்கரா? அது உதுந்து எந்தக் காலமோ ஆச்சு. நான்தான் பெருக்கிக் கொட்டினேன். புது சிப்பு வாங்கணும்னு எழுதிக் குடுத்தான் பையன். அந்தப் பேப்பர்ல மேனேஜரு வடைய வச்சி எண்ண எடுத்தாரு. என் கண்ணால பாத்தேன்.

அதான் அவன் பென்சிலால செவுத்துல எழுதி வச்சான். தோ, உன் தலைக்கு மேல.

இல்ல நைனா, இப்ப எங்க தெரியும்? ஆயுத பூசைக்கு வெள்ளை அடிச்சாச்சே.

தணிகைவேலு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிட்டானே, போன் போட்டியா அவனுக்கு? இன்னா சொன்னான்? செவுத்துல பாருங்கன்னானா? அக்காங், அவனுக்கு மனப்பாடம் கெடையாது, செவுத்த நம்பி வாழ்ந்தவன்.

பூசை அன்னிக்கு நீ பாத்திருக்கணும். எல்லா மிஷினுக்கும் இன்னிக்கு ரெஸ்டுன்னாரு மேனேஜரு. கிரேனுக்கு ரெஸ்டு, கிரைண்டருக்கு ரெஸ்டு, இதுக்கும் ரெஸ்டுன்னு அவரே வந்து பயபக்தியா சுச்ச அமுக்குனாரு. சந்தனம் வச்சாரு. பாரு, எண்டர் மேல இன்னும் காஞ்சிகினு கீது. கேட்டாண்ட பூசணிக்கா ஒடச்சோம், பொரி துன்னோம். மறாநாளு சுச்சப் போட்டா, நான் யாருன்னு கேக்குது இது.

வெள்ளை அடிச்சது யாரா? நான்தான். வேற எவ கீறா? மொதல்லயே சொன்னேன், சார், இங்க இன்னாவோ எழுதி கீது சார்னு. உனக்கு இன்னாம்மா தெரியும், செவுரு பளிச்சுன்னு இருக்கணும், அடின்னாரு. ஒரு கோட்டு அடிச்சேன். லேசா தெரிஞ்சிது. வந்து பாத்தாரு, இன்னொரு கோட்டு அடின்னாரு. அடிச்சேன்.

மொத நாளே போனேன் அவராண்ட. சார், அந்த நம்பருன்னு வாயத் தொறந்தேன். தொடப்பத்த எடுத்துகினு அப்பால போம்மான்னாரு. அப்பால வந்துட்டேன்.

அந்த நம்பரு எனக்கு எப்டித் தெரியும்றியா? அது ஒண்ணும் இல்ல நைனா. தணிகைவேலுக்குக் கிட்டப்பார்வை. குனிஞ்சி அடிச்சான்னா செவுரு தெரியாது, நிமுந்து பாத்தான்னா கீபோர்டு மறந்துடும். கரண்டு போன ஒவ்வொரு தபாவும் நான்தான் இங்க நின்னு படிப்பேன், அவன் அடிப்பான். எனக்கு இங்கிலீஷு எஃப் வரைக்கும்தான் வரும். அறிவொளின்னு சாயந்திரம் கிளாஸு எடுத்தாங்கோ, ஆறு எழுத்து ஆனதும் வாத்தியாரம்மாவுக்குக் கல்யாணம், நின்னு போச்சு. அக்கா, இந்த அட்ரஸுலயும் எஃப் தாண்டி எழுத்தே கெடையாதுக்கான்னான் அவன். அன்னிலேர்ந்து இந்த டப்பா மேல எனக்கு ஒரு இது.

எழுதிக்கிறியா? சைபரு, எட்டு. சைபரு, சைபரு. ரெண்டு, சைபரு.

ஏன் பேனாவ வச்சிட்ட? ஆமா, அது உனக்கே தெரியும்ல. இத்த செஞ்ச கம்பெனி மிஷினு எல்லாத்துக்கும் மொதப் பாதி அதான். தணிகைவேலு சொல்லிகீறான்.

மீதி ஆறு எழுத்தா? நாளைக்கி சொல்றேன். கவரைப்பேட்டையில டிரெயின புடிச்சி எப்பவும் போல எட்டு மணிக்கு வந்துடுவேன். கேட்டுல உள்ள உடணும், அவ்ளோதான். அது மேனேஜரு பாடு, போயி சொல்லு. பேரு கங்கம்மா, மறந்துடப் போறாரு.

டீ கிளாஸ அங்கயே வையி நைனா. காலையில வந்து நானே கழுவிக்கிறேன்.