பச்சையாகவே இருந்த திரை

முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். செம்பூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். கம்ப்யூட்டரும் முடியாது என்று சொல்லாது.

விசாரணைக் கமிட்டியில் இருக்கும் உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். எந்தப் புரோகிராம் வந்து மெமரி கேட்டாலும், கையில் அவ்வளவு இல்லாவிட்டாலும், "எடுத்துக்கொள்" என்று அது வாக்குக் கொடுத்துவிடும். கிங்ஸ் சர்க்கிள் மெஸ்ஸில் இருக்கிற சாப்பாட்டுக்கு மேல் டோக்கன் கொடுப்பார்களே, அந்தத் தைரியம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. வந்துவிட்டால் மெஸ்காரர் கைகூப்புவார். கம்ப்யூட்டர், அதிகம் மெமரி தின்கிற புரோகிராமாகப் பார்த்துத் தீர்த்துக்கட்டிவிடும்.

ஆஸ்பத்திரி முழுவதற்கும் எங்களிடம் இருந்தது ஒரே பழைய சர்வர் கம்ப்யூட்டர். அதில் அதிகம் தின்றது வரவேற்பறை டிவியில் ஓடிய வீடியோ. முதலாளி டாக்டர் சுரேந்திரன் அதில் புன்னகையோடு, "உங்கள் ஒவ்வொரு மூச்சையும் நாங்கள் கவனிக்கிறோம்" என்பார். பார்வையாளர் நேரத்தில் மெமரிக்கு நெருக்கடி வரும், வீடியோ சாகும்.

"என் மூஞ்சி கருப்பாப் போனா ஹாஸ்பிடலே கருப்பாப் போன மாதிரிப்பா. அதை மட்டும் சாக விடாதே" என்றார் டாக்டர். கூடுதல் மெமரி வாங்கலாமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். பெரியவர்களை வற்புறுத்த எனக்கு வராது.

வீடியோவைத் தொடக்கூடாது என்று சர்வருக்குக் கட்டளையிடும் அந்த வரியை நான்தான் எழுதினேனா என்று கேட்டீர்கள். ஆம். அதற்கடுத்த தீனிக்காரன் ஐசியு புரோகிராம். நோயாளிகளின் ஆக்சிஜனைத் திரையில் காட்டும், குறைந்தால் மணியடிக்கும். இனி அதன் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும். யார் தலையிலாவது விழ வேண்டுமல்லவா?

நர்ஸ் கோகிலவாணி வந்தாள். "சார், ஸ்கிரீன் அடிக்கடி கருப்பாக் கெடக்கு. மணியும் அடிக்க மாட்டேங்கு. பயமா இருக்கு சார்."

பாவம், பயந்த சுபாவம். புரோகிராம் செத்தாலும் கடைசியாகக் காட்டிய படம் திரையில் அப்படியே நிற்கும்படி செய்துகொடுத்தேன். "இப்ப சரியாயிட்டு சார்" என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஐசியுவில் இருந்த சிவனாண்டி தாராவிக்காரர், நிமோனியா. அவர் மூச்சு அடங்கிய அந்தப் பிற்பகலில் திரை ஆக்சிஜன் தொண்ணூற்றாறு என்று பச்சையில் காட்டியது. கோகிலவாணி அதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறாள். அவர் மனைவி கனகவள்ளி கீழே வரவேற்பறையில் உட்கார்ந்து டாக்டரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு நொடிகூட நிற்கவில்லை.

திரையைக் கவனிக்கவில்லை என்று கோகிலவாணியை வேலையை விட்டு நீக்கினார்கள். அப்போது என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் யாரையும் கொல்லவில்லை. தேர்ந்தெடுத்தது கம்ப்யூட்டர். அந்த ஐசியுவில் ஒருவருக்கு ஆபத்து வரும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீடு அந்த ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டிடம்தான். சிவனாண்டி இறந்ததற்கு முந்தின வாரம் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது, டாக்ஸி பிடித்து, வாஷி பாலம் தாண்டி, சான்பாடாவில் வேறோர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே காற்று நன்றாக இருக்கும்.